தலைவலி என்று சொன்னேன்

1

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மகள் திவ்யா டாக்டரிடம் ஒரு பொய் சொன்னாள். எனக்காகச் சொன்ன பொய்தான். ஆனால் இருபது வருடத்துக்கு முன் அதே பொய்யை நானும் ஒரு டாக்டரிடம் சொல்லியிருந்தேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் ஊரில். முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணி வரை படுக்கை விரிப்புகள், துவாய்கள், கழுத்தில் பெயர் தைத்த சட்டைகள். வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சலவைக்கும் கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இருக்கிறது. நெஞ்சில் இருப்பதைச் சொல்ல அது போதாது.

ஒரு வருடமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பட்டப்பகலில், உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடான விரிப்புகளை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தால், அறை வாசலில் என் மதினி வந்திருப்பார். மதினி என்றால் என் அண்ணன் மனைவி, சரசு. இறந்து இருபது வருடம். ஈரச் சேலையோடு நிற்பார். எதுவும் கேட்கமாட்டார். நான் இரண்டடி வைத்தால் வாசல் காலியாக இருக்கும். ஒரு நாள் அந்த இடத்தில் தரை நனைந்திருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்தேன். அதைக் கண்ட மேற்பார்வையாளர்தான் என்னை டாக்டரிடம் போகச் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். என் கணவர் செல்வத்துக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் திவ்யா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். டாக்டர் இளம் பெண். பிள்ளையை இடையில் வைத்துப் பேச அவருக்கு விருப்பம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். செத்துப்போன மதினி வந்து நிற்கிறார்கள், அவர்கள் சாக நான்தான் காரணம், சில நாள் அவர்களோடு போய்விடலாம் போல இருக்கிறது என்று சொன்னேன்.

திவ்யா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, அம்மாவுக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை, தலை வலிக்கிறது, வேலை அதிகம் என்றாள். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் தமிழில் வாக்கியம் அமைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள்.

"அதைச் சொன்னா உங்கள அங்கயே வச்சிருவாங்கம்மா. வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

2

எங்கள் தேயிலைத் தோட்டம், இலங்கையின் மலைநாட்டில், பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அண்ணன் மகேந்திரனும் மதினியும் நானும் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே காம்பராவில், ஓர் அறையில்தான் இருந்தோம். பரீட்சை எழுதிவிட்டு டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். இரண்டே வருடத்தில் சிங்களம் நன்றாகப் பேச வந்துவிட்டது. அதன்பிறகு லயத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்றாலும் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

மதினிக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சுகன்யா என்று பெயர் வைத்தோம். குழந்தை அழுதால் மதினி எழுந்து போகமாட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் தன் நிரையை, அதாவது செடி வரிசையை, விட்டு விலகி, கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். பிறகு அண்ணன் என்னிடம், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அன்று வெளிநோயாளர் பிரிவில் கூட்டம். டாக்டர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் எங்கள் தோட்டத்து ஆட்களே நான்கைந்து பேர். டாக்டர் நல்ல மனிதர்தான். மதினியின் முகத்தைப் பார்த்து, என்ன செய்கிறது என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அத்தனை நாள் என்னிடம் வாய் திறக்காத மதினி அங்கே என் காதோடு பேசினார்.

"புள்ளயப் பாத்தா எம்புள்ளன்னே தோணல கலா. தண்ணிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ வா வான்னு கூப்புடுறாங்க. நான் போயிருவேனோன்னு பயமா இருக்கு. அவருகிட்ட சொல்லு."

நான் அவரிடம் சொல்லவில்லை. தூக்கம் இல்லை, தலைவலி என்று சொன்னேன்.

ஏன் என்று எத்தனையோ விதமாக எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வரிசையில் நின்றவர்களில் ஓரிருவருக்குச் சிங்களம் தெரியும். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இதெல்லாம் உண்மை. ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. அந்த மாதம்தான் இங்கிலாந்தில் இருந்த ஹட்டன் ஊர் மாப்பிள்ளை ஒருவருக்கு என்னைக் கேட்டு வந்திருந்தார்கள். பைத்தியம் உள்ள குடும்பம் என்று ஒரு வார்த்தை போனால் அதோடு முடிந்துவிடும். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது மிகவும் சிறியதாக இருக்கிறதே என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தோம்.

பதினோராம் நாள் மதினி மலைக்குப் போய்த் திரும்பவில்லை. கீழே ஆற்றில் கண்டெடுத்தார்கள். ஐப்பசி மழை, பாறை வழுக்கியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும் நான்தான். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்த ஹட்டன் மாப்பிள்ளைதான் செல்வம்.

3

திவ்யா சொன்ன பொய்க்குப் பிறகு நானே ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைக்குப் போய், மொழிபெயர்ப்பாளருக்குப் பதிவு செய்யச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அதே டாக்டரின் அறையில், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளராக ஓர் அம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் ஒரு படிவம். கடந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு இப்படி இருந்ததா: ஒருநாளும் இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேல், ஏறக்குறைய தினமும். மதினி வந்து நிற்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நான் கேட்டேன். அதற்கென்று கட்டம் இல்லை என்றார்.

பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். மதினி மலைக்குப் போனாங்க என்று நான் சொன்னதை, மலையேறப் போனார் என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர், மலையேறும்போது நடந்த விபத்தா என்று கேட்டார். எங்களுக்கு மலை என்றால் தேயிலை, வேலை, என்று நான் விளக்கினேன்.

"உங்கட தமிழ் எனக்குக் கொஞ்சம் விளங்கேல்லை அம்மா. குறை நினையாதேங்கோ. ஆறுதலாத் திருப்பிச் சொல்லுங்கோ, நான் ஒண்டையும் விடமாட்டன்."

அவர் ஒன்றையும் விடவில்லை. பைத்தியம் உள்ள குடும்பம் என்று நான் பயந்ததைக்கூட அப்படியே சொன்னார். அது அவர் குரலில் ஆங்கிலமாகப் போவதைக் கேட்டபோது, நான் அன்று செய்ய வேண்டியிருந்தது எவ்வளவு சின்ன வேலை என்று தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டாக்டர் மாத்திரை எழுதினார். பேசித் தீர்க்கும் சிகிச்சைக்குப் பெயர் பதிந்தார். தமிழில் வேண்டுமென்றால் ஏழு மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

அந்த வாரமே ஊரிலிருந்து அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். அவர் எனக்கு எடுப்பது வருடத்தில் இரண்டு தடவை. சுகன்யா பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம் முடித்து, ஐந்து வாரத்துக்கு முன் ஆண் குழந்தை பெற்றிருந்தாள். பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அப்பா வீட்டில்தான் இருந்தாள்.

"சுகன்யாவுக்கு ஒடம்பு சரியில்ல," என்றார். "தூங்க மாட்டேங்குறா. தலவலிங்கிறா."

நான் சலவை அறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்று மாலை செல்வத்திடம் இருபது வருடக் கதையையும் சொன்னேன். எங்கள் கல்யாணம் நடப்பதற்காக நான் என்ன செய்தேன் என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். எந்த நாளுக்கு டிக்கெட் போட என்று மட்டும் கேட்டார்.

4

கார்த்திகை மாத மழையில் தோட்டத்தில் போய் இறங்கினேன். லயத்துக் கூரைத் தகரம் புதிது. மற்றதெல்லாம் பழசுதான். சுகன்யா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஆனால் அதைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வீட்டுக்கு அடுத்த லயத்தில் பாக்கியம் அக்கா இருக்கிறார். கொழுந்து எடுப்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து சிலர் வந்து, தோட்டத்துப் பெண்களின் மனநலம் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தார்களாம். தாளைப் பிறகு எழுதலாம், முதலில் உட்கார்ந்து கேளுங்கள் என்று பாக்கியம் அக்கா சொன்னாராம். அவர்களும் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை தோறும், வேலை முடிந்த பிறகு, பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில். யாரும் புத்தி சொல்லக்கூடாது, பொறுத்துப்போ என்று சொல்லக்கூடாது, கேட்டதை வெளியே கொண்டு போகக்கூடாது. ஆறு மாதம் அப்படிக் கேட்ட பிறகுதான் என்ன தேவை என்றே தெரிந்ததாம். கிளினிக் டவுனில் இருக்கிறது, போனால் ஒரு நாள் வேலை போய்விடும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கூட வரும் சொந்தக்காரர், தான் நினைத்ததைத்தான் அவரிடம் சொல்வார். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அதிகம் பேர் சொன்னார்களாம். புருஷன் முன்னால் எப்படிச் சொல்வது, நாத்தனார் முன்னால் எப்படிச் சொல்வது என்று.

இப்போது தமிழ் பேசும் மனநல உத்தியோகத்தர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்து மருந்தகத்துக்கு வருகிறார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால், பயிற்சி எடுத்த நான்கு பெண்களில் ஒருவர் கூடப் போய்ச் சிங்களத்தில் எடுத்துச் சொல்வார். பாக்கியம் அக்காவும் அந்த நால்வரில் ஒருவர். மிட்வைஃப் நோனா, அதாவது மருத்துவச்சி அம்மா, சிங்களத்தி. அவரும் சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து உட்கார்ந்தே தமிழ் பிடித்துக்கொண்டாராம். இவ்வளவுக்கும் இந்தப் பெண்கள் நடையாய் நடந்திருக்கிறார்கள்.

நான் பாக்கியம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. சுகன்யாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"மொதல்ல அவளுக்குத்தான் சொல்லணும். ஆத்தாள முழுங்கிட்டுப் பொறந்தவன்னு கேட்டுக் கேட்டே வளந்த புள்ள அது."

எனக்கு அது தெரியாது. இருபது வருடமாகப் பிறந்தநாளுக்கு உடுப்பு அனுப்பிக்கொண்டிருந்தவள் நான்.

மறுநாள் காலை அண்ணன் வேலைக்குப் போன பிறகு சுகன்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவள் அம்மா பாறையில் வழுக்கி விழவில்லை என்றும், அது ஒரு நோய் என்றும், அந்த நோய் அவள் பிறந்த குற்றத்தால் வந்ததல்ல என்றும், அவள் அம்மா உதவி கேட்டபோது அதை டாக்டரிடம் போகவிடாமல் நான்தான் நிறுத்தினேன் என்றும் சொன்னேன். மதினி சொன்னதை ஒரு சொல்கூட விடாமல் சொன்னேன்.

அவள் என்னை அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முதல் தடவையாகக் குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

"எனக்கும் அப்புடித்தான் இருக்கு அத்த," என்றாள். "இவனத் தூக்கிக்கிட்டுப் போயிரலாமான்னு வருது. வெளிய சொன்னா இவனப் புடுங்கிக்குவாங்கன்னுதான் தலவலின்னேன்."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பிப் பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். மிட்வைஃப் நோனா அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். ஒரு வேன் பிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பாதி வழியில் சுகன்யாவின் கணவன் ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவனும் நானும் டாக்டர் அறைக்கு வெளியே இருந்தோம். சுகன்யாவோடு பாக்கியம் அக்கா உள்ளே போனார். எனக்கு அவரைவிடச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் போகவில்லை. குழந்தை என் தோளில் தூங்கியது. உள்ளே என்ன பேசினார்கள் என்று சுகன்யா பிறகு அவளாகவே சொன்னாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எங்கம்மாவுக்கு இருந்துச்சு என்று இவள் சொல்லியிருக்கிறாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டாராம். குழந்தையோடு சேர்த்தே அவளை வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

5

அடுத்த சனிக்கிழமை நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். சுகன்யா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அம்மாவைப் பற்றி நீங்கள் பேசலாம், எனக்குச் சரிதான் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பாய் விரித்துப் பதினைந்து பெண்கள் வரை உட்கார்ந்திருந்தார்கள். தொட்டில் கயிறுகளை மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஆண்கள் வருவதில்லை. அன்று அண்ணன் வந்து, உள்ளே வராமல், வாசல் படியில் குடையோடு உட்கார்ந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

நான் தலைகுனிந்தே சொல்லி முடித்தேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று காத்திருந்தேன்.

முதலில் பேசியவர் தெய்வானை அக்கா. மதினிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்.

"எங்கிட்டயும் சொன்னா. ஆத்துலருந்து கூப்புடுறாங்கன்னா. துண்ணூறு பூசிக்கன்னு சொல்லிட்டு நான் அடுத்த நெரைக்குத் தள்ளிப் போயிட்டேன். பயம்."

அடுத்து, அந்தக் காலத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்த ஒருவர் பேசினார். குழந்தையைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று மதினி அவரிடம் கேட்டிருக்கிறார். பெற்றவளுக்கு இப்படியும் சோம்பலா என்று அவர் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு மூலையிலிருந்து இன்னொருவர். மதினி அவரிடம் சொன்னது இறப்பதற்கு முதல் நாள்.

நான்தான் அந்தச் சொற்களைத் தடுத்து நிறுத்தினேன் என்று இருபது வருடம் நினைத்திருந்தேன். மதினி தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஒவ்வொருவரும் தன்னிடம் மட்டும் சொன்னதாக நினைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரே மலையில் இருபது வருடம் கொழுந்து எடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் படியில் இருந்தபடியே, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"எங்கிட்ட மூணு தடவ சொன்னா. மூணாந்தடவ நான் கைய ஓங்கிட்டேன்."

குடையை அங்கேயே வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். பாக்கியம் அக்கா யாரையும் பின்னால் போக விடவில்லை. தெய்வானை அக்கா மட்டும் சத்தம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

நான் புறப்பட்ட அன்று, பூண்டுலோயா டவுனில் வேனுக்குக் காத்திருக்கும்போது அண்ணன் சொன்னார். இத்தனை வருடம் அவர் எனக்கு அதிகம் போன் எடுக்காதது, நான் நினைத்ததுபோல் என்மேல் கோபத்தால் இல்லையாம். எடுத்தால் நான் மதினியைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவேனோ என்ற பயமாம்.

6

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரை போடுகிறேன். மதினி வருவது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. வந்தால் நான் இப்போது வாசலை நோக்கி நடப்பதில்லை. விரிப்பை மடித்துக்கொண்டே நிற்கிறேன். திவ்யாவிடமும் எல்லாம் சொன்னேன். அவள் பாதி புரிந்துகொண்டு மீதியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டரிடம் தான் சொன்னதை எண்ணி அழுதாள். அது அவள் செய்யவேண்டிய வேலையே இல்லை, பிள்ளையிடம் அதைக் கொடுத்தது என் பிழை என்று சொன்னேன். அவள் அதை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சுகன்யா மூன்று வாரம் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நல்ல நாளும் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது. கெட்ட நாளில் குழந்தையைக் கொண்டுபோய்ப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறாள். மருந்தகத்துக்கு உத்தியோகத்தர் வரும் நாளைத் தவறவிடுவதில்லை. தை மாதத்தில் இரண்டு தடவை, ரோட்டில் மண் சரிந்து அவர் வரவில்லையாம்.

போன ஞாயிறு மதியம் வீடியோவில் வந்தாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அத்த, எங்கம்மா சிரிச்சா எப்புடி இருக்கும்?"

ஆஸ்பத்திரியில் மதினி சொன்ன ஒவ்வொரு சொல்லும் என்னிடம் இருக்கிறது. ஒரே வீட்டில் நான்கு வருடம் இருந்த அந்தப் பெண்ணின் சிரிப்பு என்னிடம் இல்லை. எப்போது தொலைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. அதை அப்படியே சுகன்யாவிடம் சொன்னேன்.

அவள் போனை அடுப்படிப் பக்கம் திருப்பினாள். அண்ணன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்கும் கேட்டிருக்கிறது. கை நின்றது. எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன், சுகன்யாவும் நினைத்திருப்பாள்.

"சத்தமே வராது," என்றார் அண்ணன். "சிரிக்கையில வாயப் பொத்திக்குவா. ஒரு பல்லு கொஞ்சம் முன்னுக்கு இருக்கும், அதுக்கு வெக்கம். தோள்தான் குலுங்கும். இருட்டுல பக்கத்துல படுத்திருந்தா, அவ சிரிக்கிறாளா அழுவுறாளான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன்."

தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். சுகன்யா போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திரையில் எனக்குக் கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. நான் போனை வைக்கவில்லை.